இரண்டாம் பக்கத்தில் மான்

தம்மாமிலிருந்து வந்த பெட்டியில்
நாலு சவர்க்காரம், ஒரு போர்வை,
ரப்பர் பொத்தான் வைத்த கறுப்புப் பலகை.
கொம்பியூட்டர் என்றார் வாப்பா, கசற்றுக் கடிதத்தில்.
படிச்சுக்க மகன் என்றார்.
எப்படி என்று சொல்லவில்லை.
அவருக்கும் தெரியாது.

பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவான் பெனில்டஸ்.
கையேட்டில் முப்பதாம் பக்கத்துக்குப் பிறகு
தண்ணீர் பட்டு ஒட்டிக் கிடந்தது.
உரிக்க உரிக்கப் பாதி வாக்கியங்கள்.
மீதியைப் பிழைவிட்டுக் கண்டுபிடித்தோம்.

வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்றுதான்
எண் போட வேண்டுமாம்.
ஒன்று, இரண்டு, மூன்றுக்கு என்ன குறை?
"மறந்தது பிறகு வருமடா, இடம் விடு" என்றான்,
மூதூர் லோஞ்சில்
துவாய் போட்டு இருக்கை பிடிப்பவன்போல.

கணக்குக் கொப்பியில் எட்டுக்கு எட்டுக் கட்டம்.
கறுப்படித்தால் ஒன்று, விட்டால் சைபர்.
காலையில் கோட்டை வாசலில் கண்ட மானை
அதற்குள் மடக்கினோம்.
சென்றிக்காரன் எங்கள் புத்தகப் பையைக் கிளறிக்கொண்டிருக்க
அவன் முதுகுக்குப் பின்னால்
அடையாள அட்டை இல்லாமல்
சாவகாசமாய் உள்ளே போனதே, அந்த மான்.

கொம்பு வரி: நூற்றிருபத்தெட்டும் முப்பத்திரண்டும்
கூட்டினால் நூற்றறுபது.
கால் வரி முப்பத்தாறு.
ரன்.
கறுப்புவெள்ளை ரீவியில் மான் நடந்தது,
பின்பக்கமாக.
பெனில்டஸுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
"றிவேர்ஸ் கியரில போகுதடா!"
நூற்றறுபதைக் கண்ணாடியில் பார்த்தால் ஐந்து.
கொம்பைத் திருப்பினோம்.

நேராய் நடந்தது, வலது ஓரம் வரை.
அங்கே நின்றது.
எண் எல்லைக்கு வெளியே, வரி நாற்பது,
என்றது ரீவி.
விட்டு வைத்த இடத்தில்
முப்பத்தைந்தைச் செருகினோம்:
ஓரம் தாண்டினால் சைபருக்குப் போ.
மான் வலப்பக்கம் மறைந்து
இடப்பக்கம் வந்தது.
மறைந்தது, வந்தது.
நாங்கள் பேசவே இல்லை.

ஆறு மணிக்கு ஊரடங்கு.
ஐந்தரைக்கே கரண்ட் போகலாம்.
போனால் மானும் போகும்.
வெறுங் கசற் இல்லை, கடைகள் பூட்டு.
இருந்தது வாப்பாவின் கசற்.
முதல் பக்கம் முழுக்க அவர் குரல்.
இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் இராது என்று
நானாக நினைத்தேன்.

அன்றிரவு உம்மா
பற்றறி போட்டுக் கசற்றைப் போட்டா.
இரண்டாம் பக்கம்:
"நான் சொகமா இரிக்கன்.
வெயில்தான் கூட.
புள்ளைட விசயத்தில நான் யோசிச்சது என்னெண்டா"

கீஈஈஈ என்று தொடங்கியது மான்.
தகரத்தைச் சுரண்டி, கொதித்து, இரைந்து,
இருபத்தெட்டு விநாடி.
பிறகு
"அவ்வளவுதான். வைக்கிறன்."

உம்மா அடிக்கவில்லை.
பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டா.
இரைச்சல் வரும்போதும் நிறுத்தவில்லை,
காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனா,
சத்தத்துக்கு அடியில்
ஏதாவது மிச்சம் இருக்குமென்பதுபோல.

"இதுக்குள்ள என்ன இரிக்கி?"
"மான்."
"என்ன செய்யிது?"
"நடக்குது."
"எங்க?"
"கடைசி மட்டும் போய்த் திரும்ப முதல்ல இருந்து வரும்."
மூன்றாம் தரமும் சுற்றினா.

என்ன யோசித்தீர்களென்று கடிதத்தில் கேட்டோம்.
ஞாபகமில்லை என்று எழுதினார்,
இந்த மாதக் காசு பிந்தும் என்றும்.

அடுத்த கசற் வந்த அன்று
உம்மா பெனில்டஸைக் கூப்பிட்டு
அதன் முதுகிலிருந்த இரண்டு குட்டிப் பற்களைக் காட்டி
"இத உடைச்சா மேல பதிய ஏலாதாமே?" என்றா.
ஏலாது என்றான், என்னைப் பார்க்காமல்.
மீன் வெட்டும் கத்தியின் நுனியால்
இரண்டையும் கிண்டி எடுத்தா.
பிறகுதான் போட்டுக் கேட்டா.